காட்டுப்பன்றியைச் சுடுகிறவர் யாரென்று எங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

தமிழ்நாடு வனத்துறையின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கும், காட்டுப்பன்றி விஷயத்துக்காக அமைக்கப்பட்ட கிராம அளவிலான குழுக்களில் இருக்கிற அலுவலர்களுக்கும்,

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபோது மலையடிவாரத்தில் பண்ணையம் பார்க்கிற எங்களில் பலருக்கு அது பெரிய ஆறுதல். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விட வேண்டும், 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்த பன்றியைப் பயிற்சி பெற்ற வனப் பணியாளர்கள் சுடலாம் என்பது ஏற்பாடு. எவ்வளவு தூரத்தில் சுடலாம், யார் சுடலாம் என்றெல்லாம் சட்டமன்றத்திலிருந்து டீக்கடை வரை பேசியாகிவிட்டது. ஆனால் சுடப்போகும் இடத்தில் ராத்திரி ஆள் படுத்திருக்கிறானே, அவனுக்கு என்ன பாதுகாப்பு என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். சுட வருகிறவர்கள் என்ன உடுப்பில் வருவார்கள், எந்த ராத்திரி வருவார்கள், எங்களுக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம், நீங்க வெளிய வராம இருந்தாப் போதும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு சும்மா இருக்க முடியாததால்தான் இந்த மடல்.

வெளியே வராமல் எப்படி இருப்பது? கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். மக்காச்சோளம், வாழை, மழையைப் பார்த்துக் கொஞ்சம் நிலக்கடலை. மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு கூட்டம் பன்றி உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்பதை அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒரு விடியற்காலையிலாவது வந்து பார்க்க வேண்டும். தட்டை உடம்பால் தள்ளிச் சாய்க்கும், கதிரில் பாதியைக் கடிக்கும், மீதியை மண்ணில் போட்டு மிதித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போகும். தின்றது கொஞ்சம்தான், நாசமானது ஏராளம். நிலக்கடலையில் ஏர் ஓட்டினது போல வரிசை பிடித்துக் கிளறியிருக்கும். வாழையில் கட்டையைத் தோண்டிக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போயிருக்கும், மரம் நிற்பது போலவே நின்று, காற்றடித்ததும் சாயும்.

இதற்கு நாங்கள் செய்யாதது இல்லை. வீட்டிலிருந்த பழைய சேலைகளை எல்லாம் வரப்போரம் சுற்றிக் கட்டினோம். சலூனிலிருந்து முடியைச் சாக்கில் வாங்கி வந்து ஓரமெல்லாம் தூவினோம். பட்டாசு வெடித்தோம், மாட்டுச் சாணியை வறட்டியாக்கிப் புகை போட்டோம். எல்லாம் சில நாளைக்குக் கேட்கும், அப்புறம் பன்றி பழகிவிடும். கடைசியில் மிச்சம் இருப்பது ஆள் காவல்தான். பரண் கட்டி, தகர டப்பாவும் டார்ச்சும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பது. எங்கள் ஊரில் பயிர் கதிர் பிடிக்கும் காலத்தில் பாதித் தோட்டங்களில் ராத்திரி ஆள் இருக்கும், அதிலும் பெரும்பாலும் வயதானவர்கள். பகலில் கூலி வேலைக்கோ மில்லுக்கோ போகிற இளவட்டங்கள் ராத்திரியும் கண்விழிக்க முடியாது இல்லையா.

எங்கள் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பனிக்குக் கருப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் பரணில் உட்காருவார். சத்தம் கேட்டால் இறங்கி, குனிந்து, தட்டுக்கு நடுவே சத்தம் வந்த பக்கமாக நடப்பார். கருப்பாக, குனிந்து, மக்காச்சோளத்துக்குள் அசைகிற உருவம். நூறு அடி தள்ளி டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்க்கிறவர் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன நினைப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

போன பட்டத்தில் ஒரு ராத்திரி பள்ளத்துப் பக்கமிருந்து இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. பட்டாசு இல்லை, அந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியும். போன் அடித்தால் அப்பா எடுக்கவில்லை. சாளையிலிருந்து, அதாவது தோட்டத்து வீட்டிலிருந்து, ஓடிப்போய்ப் பார்த்தபோது வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. சத்தம் கேட்டதும் எந்தப் பக்கம் சுடுகிறார்கள் என்று தெரியாமல் விழுந்து படுத்தவர், எழுந்தால் அசைவைப் பார்த்துச் சுட்டுவிடுவார்களோ என்று எழாமலே கிடந்திருக்கிறார். போன் பரணில் தொங்கிய பையில் இருந்தது. விடிந்ததும் வாழைக்கு அடியில் ஒரு தோட்டாக் கூடு கிடைத்தது, சிவப்பு பிளாஸ்டிக், அடியில் பித்தளை வளையம். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

சுட்டது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அனுமதியோடு வந்தவர்களா, கறிக்காகத் திருட்டுத்தனமாக வேட்டைக்கு வந்தவர்களா? விசாரித்தால் எங்கள் ஆட்கள் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம், நான் யார் மேலும் பழி போடவில்லை. ஆனால் அரசு அனுமதியோடு சுடுகிறவரையும் திருட்டு வேட்டைக்காரனையும் பிரித்துப் பார்க்க ஊர்க்காரனுக்கு ஒரு அடையாளமும் இல்லாமல் துப்பாக்கிச் சத்தம் சகஜமாகிப்போனால், அதில் லாபம் யாருக்கு? முன்பெல்லாம் வெடிச்சத்தம் கேட்டால் வனத்துறைக்குப் போன் செய்வோம். இப்போது, சரி, அவர்களே சுடுகிறார்கள் போலிருக்கிறது என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். கறிக்கடைக்காரனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை இல்லை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் வேட்டை இருக்கிற நாடுகளில், சுடுகிறவன் என்ன போட வேண்டும், எந்தத் திசையில் சுடக்கூடாது, வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்றெல்லாம் ஒவ்வொரு சாவுக்கும் பிறகு ஒவ்வொரு விதியாகச் சேர்த்துச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். இங்கே வேட்டையே இல்லாததால் அப்படி எழுத வேண்டிய தேவையும் வரவில்லை. இப்போது அதே சட்டத்தின் 11ஆவது பிரிவின் வழியாகத் துப்பாக்கி வயலுக்குள் திரும்பி வந்திருக்கிறது. காட்டுப்பன்றி இப்போது அந்தச் சட்டம் பாதுகாக்கிற விலங்குகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிற விலங்கு, மனித உயிருக்கோ விளைந்து நிற்கும் பயிருக்கோ ஆபத்தென்றால் காரணத்தைச் சொல்லி எழுத்து மூலம் உத்தரவு கொடுத்துத்தான் அதைச் சுட வைக்க முடியும். அனுமதி சட்டப்படி வந்துவிட்டது. அதோடு கூட வந்திருக்க வேண்டிய பாதுகாப்பு ஒழுங்கு எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை.

பிரான்ஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கேயும் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம், கூட்டமாகச் சேர்ந்து விரட்டி வேட்டையாடுவார்கள். 2020 டிசம்பர் தொடக்கத்தில் தென்மேற்கே லோத் என்ற மாவட்டத்தில் 25 வயதுப் பையன் ஒருவன் தன் வீட்டுப் பக்கத்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்தான். வேட்டைக்கு வந்திருந்த ஒருவர் பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார், பையன் செத்துப்போனான். பட்டப்பகல். இத்தனைக்கும் அங்கே கூட்டு வேட்டைக்குப் போகிறவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை போட வேண்டும் என்று ஏற்கெனவே சட்டம் இருந்தது. விறகு வெட்டினவன் வேட்டைக்காரன் இல்லையே, அவன் எதற்கு ஆரஞ்சு போடப்போகிறான்? சுடுகிறவருக்கு மட்டும் உடை விதி வைத்தால் போதாது, சுற்றியிருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும், என்னவென்று தெளிவாகத் தெரியாத உருவத்தை நோக்கி விசையைத் தொடவே கூடாது என்பதையும் விதியாக்க வேண்டும் என்று இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா வாய்க்காலுக்குள் கிடந்த ராத்திரிக்குப் பிறகு இந்தச் செய்தியைத் தள்ளிவைத்துவிட்டு என்னால் தூங்க முடியவில்லை.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் இந்த விதி மாறும். விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் வேட்டை நடக்கும் காலத்தில் இடுப்புக்கு மேலே போடும் உடையில் பாதியாவது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். 1980 முதல் இருக்கிற விதி இது, 2016இல் அதே மாதிரி பளிச்சென்ற ரோஸ் நிறமும் போடலாம் என்று சேர்த்தார்கள். கொலராடோவில் அப்படிப் பளிச்சென்ற நிறம் 500 சதுர அங்குலம் மேலுடம்பில் தெரிய வேண்டும், தலையிலும் அந்த நிறத்தில் தொப்பி, அதுவும் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி. நியூயார்க் மாநிலம் ரொம்ப நாள் இதைக் கட்டாயமாக்காமல் இருந்து, 2021இல்தான் கட்டாயமாக்கியது. வேட்டையே பழக்கமாக ஊறிப்போன ஊர்களில் இவ்வளவு கவனம். நம் வனப் பணியாளர்களோ காக்கியில், இல்லாவிட்டால் இலை தழை அச்சடித்த பச்சைச் சட்டையில், இருட்டில் எங்கள் தோட்டத்துக்குள் நடக்கிறார்கள். காட்டுக்குள் ரோந்து போக அந்த உடுப்பு சரிதான். நான்கு பேர் பிரிந்து போய் ஒருவர் எதிரே இன்னொருவர் நின்று சுடக்கூடிய வயலில், அவர்களுக்கே அது ஆபத்து. இதை அவர்கள் மேல் குறையாகச் சொல்லவில்லை. குறைந்த சம்பளத்தில் ராத்திரி வேலை பார்க்கிற வனக்காப்பாளர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான், அவர்கள் உயிரும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

ஆரஞ்சு போட்டால் பன்றி பார்த்துவிட்டு ஓடிவிடும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அப்படி இல்லை. பன்றிக்கு நம்மைப் போல எல்லா நிறமும் பிரியாது, சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் அதற்கு மங்கலாகத்தான் தெரியும். பன்றிக்கு மூக்குதான் எல்லாம். நீங்கள் கருப்பு போட்டாலும் சரி ஆரஞ்சு போட்டாலும் சரி, காற்று உங்கள் பக்கமிருந்து அடித்தால் அது கிளம்பிவிடும். இன்னொரு கேள்வி நியாயமானது: ராத்திரியில் ஆரஞ்சு தெரியுமா? தெரியாது. அதற்குத்தான் வெளிச்சம் பட்டால் பளீரென்று திருப்பியடிக்கிற பட்டை தைத்த மேலாடை இருக்கிறது. ரோட்டு வேலை செய்கிறவர்களும் தூய்மைப் பணியாளர்களும் போட்டிருக்கிறார்களே, அதேதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டார்ச் அடித்தவுடன் நெஞ்சிலும் முதுகிலும் இரண்டு கோடு மின்னினால் அது ஆள் என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிடும். அந்தக் கோடு இல்லாத ஆளும் வயலில் இருக்கலாம் என்பதை மறக்காமல் இருக்க வேண்டியது சுடுகிறவர் பொறுப்பு.

உடை மட்டும் இல்லை, தோட்டாவையும் பற்றிச் சொல்ல வேண்டும். குறி தவறிய ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் நெருக்கமானவை, ஒரு தோட்டத்துச் சாளைக்கும் அடுத்ததற்கும் இடையில் வாழையும் தென்னையும்தான் இருக்கும், இரண்டும் குண்டை நிறுத்தாது. கிணற்று மேட்டுக் கல்லில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பன்றிக்குப் பின்னால் மண்மேடோ கரையோ இல்லாத இடத்தில், சம தரையில் நின்றுகொண்டு சுடவே கூடாது. விடியற்காலை நாலு மணிக்குப் பூப்பறிக்கக் கிளம்பும் பெண்கள், பால் சொசைட்டிக்கு வண்டியில் போகிறவர்கள், வயல் பக்கம் ஒதுங்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள்.

அப்புறம் அந்த 3 கிலோமீட்டர். பன்றி காட்டிலிருந்து தினமும் கிளம்பி வருகிறது என்று நினைத்துப் போட்ட கணக்கு அது. எங்கள் பக்கத்தில் பாதிப் பன்றிகளுக்குக் காடே தெரியாது. பள்ளத்தோரம் மண்டிய சீமைக்கருவேலத்திலும், விற்றுப் போட்டுவிட்டுப் போன தரிசு நிலங்களிலும் குட்டி போட்டுப் பெருகுகின்றன. எது 1 கிலோமீட்டர், எது 3 கிலோமீட்டர் என்று தரையில் எந்தக் கல்லும் நட்டு வைக்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவனுக்குச் சுடவும் ஆள் வராது, கூண்டும் வராது. அவன் என்ன செய்கிறான்? இதை வெளிப்படையாக எழுதத்தான் வேண்டும். மோட்டார் கொட்டகையிலிருந்து நேராகக் கம்பி இழுக்கிறான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி இழுத்த கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்ததை நாடே பார்த்தது. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் அங்கேயே சுற்றி வந்தன. அதே ஆண்டு மின்வேலிக்குப் பதிவு வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்தது, சரியான விதி. ஆனால் விட்டு விட்டுத் துடிப்பாக மின்சாரம் கொடுத்து, அடித்துக் கொல்லாமல் பயமுறுத்தி மட்டும் அனுப்புகிற சூரிய மின்வேலியை முறைப்படி போடச் செலவு பிடிக்கும். இரண்டு ஏக்கர்க்காரன் அதற்கு எங்கே போவான்?

கம்பி இழுக்காதவர்களில் சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் பன்றி வரும் வழியில் போடுவது. பன்றி கடிக்கும் என்று வைத்ததை எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பசுமாடு கடித்தது. கீழ்த்தாடை இரண்டாகப் பிளந்து தொங்க, ரத்தம் வடியத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து நின்றது, குடிக்க முடியவில்லை. டாக்டர் வந்து ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். இந்தக் கோவை வட்டாரத்திலேயே யானைகளும் இப்படி வாய் வெந்து, தின்ன முடியாமல் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன. நாங்கள் இதையெல்லாம் நியாயப்படுத்தவில்லை, வைத்தவனைப் பிடித்து உள்ளே போடுங்கள். ஆனால் சட்டப்படியான வழி வேகமாகவும் பயமில்லாமலும் நடந்தால்தான் ஊர்க்காரன் அதன் பக்கம் நிற்பான்.

கேரளத்தைப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் பொதுமக்களைக் கொண்டு சுடுகிறார்கள். விஷம், வெடி, மின்சாரம் எதையும் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. இங்கேயும் அதே மாதிரி விவசாயிகளுக்கு அனுமதி வேண்டும் என்று சங்கங்கள் கேட்கின்றன. எங்கள் கஷ்டம் தெரிந்தும் சொல்கிறேன், பாதுகாப்பு விதி எழுதாமல் அதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். பயிற்சி பெற்ற பணியாளருக்கே இன்னும் உடை ஒழுங்கு தெளிவாக இல்லாத இடத்தில், தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கி வைக்கிற துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பத்துப் பேர் கிளம்பினால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. காட்டுப்பன்றியை முழுசாகத் தொல்லை விலங்கென்று அறிவித்து எல்லோரும் எங்கும் கொல்லலாம் என்று ஆக்குவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. புலியும் சிறுத்தையும் செந்நாயும் காட்டுக்குள் அதைத் தின்றுதான் வாழ்கின்றன. அது காட்டில் இருக்கட்டும்.

சரி, நாங்கள் கேட்பது இதுதான்.

காட்டுப்பன்றியைச் சுடப் போகும் குழுவில் துப்பாக்கி வைத்திருப்பவர், டார்ச் பிடிப்பவர், வழிகாட்ட வரும் ஊர்க்காரர் என்று ஒருவர் விடாமல் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடையும் அதே நிறத் தொப்பியும் போட வேண்டும், முன்னும் பின்னும் ஒளிரும் பட்டை இருக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். அது இல்லாமல் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அதே மேலாடையைக் காவல் இருக்கும் விவசாயிகளுக்கும் ஊராட்சி மூலம் கொடுங்கள், முதலில் பரணில் படுக்கும் வயதானவர்களுக்கு.

சுடப்போகும் ராத்திரிக்கு முந்தைய நாளாவது எந்தப் பகுதி, எந்த நேரம் என்பதைத் தண்டோரா போட்டும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லுங்கள். திருட்டு வேட்டைக்காரன் தெரிந்துகொள்வான் என்று மறைக்க வேண்டாம், அறிவிக்காத ராத்திரியில் சத்தம் கேட்டால் அது திருட்டு வேட்டை என்று நாங்களே உங்களுக்குப் போன் செய்வோம். அதற்கென்று ராத்திரியிலும் எடுக்கிற ஒரு எண்ணைக் கொடுங்கள். 11ஆவது பிரிவில் போட்ட எழுத்து உத்தரவின் நகலை ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். சுட்ட பன்றி அரசுச் சொத்து என்று அதே சட்டத்தின் 39ஆவது பிரிவு சொல்கிறது, அதை எங்கே புதைத்தார்கள் என்பதும் அந்தப் பலகையில் வரட்டும்.

பின்னால் மண்மேடு இல்லாமல், சாளையும் பாதையும் இருக்கும் திசையில், உருவம் முழுசாகத் தெரியாமல் சுடக்கூடாது என்பதை விதியாக எழுதுங்கள். வயலுக்குள் யாராவது காவலில் இருக்கிறார்களா என்று தோட்டக்காரரிடம் கேட்டு, எல்லோரையும் வெளியே அழைத்த பிறகுதான் முதல் தோட்டாவைப் போட வேண்டும்.

1, 3 கிலோமீட்டர் எல்லை எந்தெந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்று வரைபடம் போட்டு வி.ஏ.ஓ. அலுவலகத்தில் வையுங்கள். நடுப்பகுதிக்குக் கூண்டு உண்டு என்றால் அது எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாளில் வரும் என்று சொல்லுங்கள். சிறு விவசாயிக்குச் சூரிய மின்வேலியைக் கூட்டாக, நாலைந்து தோட்டம் சேர்த்துப் போட மானியம் கொடுங்கள்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்ட கேள்விகளுக்கும் இந்த மடலுக்கும் சேர்த்து எழுத்தில் பதில் அனுப்புங்கள், அடுத்த கிராம சபையில் அதை வாசிக்கச் சொல்கிறோம். ஆடிப்பட்டத்தில் விதைத்த மக்காச்சோளம் புரட்டாசி கடைசியில் கதிர் பிடிக்கும், அதற்குள் உடையும் உத்தரவும் எங்கள் ஊருக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
மலையடிவாரத் தோட்டக்காரன் ஒருவன்